தராசும் வரிக்கணக்கும்

புகையிலையில் தண்ணீர் கலந்தார் என்பது ஒருவரது உயிரைப் பறிக்கப் போதுமான குற்றமா? 1794-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள் பாரிஸ் புரட்சித் தீர்ப்பாயத்தின் முன் நிறுத்தப்பட்ட வரிக் குத்தகைதாரர்கள் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளுள் அதுவும் ஒன்று. அவர்களுள் ஒருவர், கலவை எது, கரைசல் எது, சேர்மம் எது என்று மனிதகுலத்துக்குத் தராசின் துணைகொண்டு பிரித்துக் காட்டிய அந்துவான் லவாய்சியர். புகையிலையில் எவ்வளவு நீர் சேர்க்கலாம் என்பதை அவர் அளந்து சொன்னதும் உண்மைதான்.

பள்ளிப் பாடநூல்கள் லவாய்சியரை நவீன வேதியியலின் தந்தை என்ற ஒற்றை வரியில் அறிமுகம் செய்து, பொருண்மை அழியா விதியைச் சொல்லி நகர்ந்துவிடுகின்றன. பொருளியலைக் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு அவரது வாழ்வில் ஈர்ப்பு உண்டானது வேறொரு வாயிலின் வழியே. தேசிய வருமானக் கணக்கீட்டின் வரலாற்றைப் படிக்கும் எவரும், இங்கிலாந்தின் வில்லியம் பெட்டி, கிரகோரி கிங் ஆகியோருக்குப் பின் பிரான்ஸில் லவாய்சியரைச் சந்திக்காமல் இருக்க முடியாது. ஆய்வுக்கூடத்தில் குடுவையை எடை போட்டவரும், அரசனுக்காக வரி தண்டியவரும், ஒரு நாட்டின் விளைச்சலைக் கணக்கிட்டவரும் ஒருவரே. இம்மூன்றையும் தனித்தனியே பிரித்து அவரைப் புரிந்துகொள்ள இயலாது என்பது என் கருத்து.

1743 ஆகஸ்ட் 26 அன்று பாரிஸில் வசதியான வழக்குரைஞர் குடும்பத்தில் பிறந்தார். ஐந்து வயதில் தாயை இழந்தார். மணம் செய்துகொள்ளாத சித்தி ஒருவரின் அரவணைப்பில் வளர்ந்தார். தந்தையின் விருப்பப்படி சட்டம் பயின்று 1764-இல் தகுதி பெற்றார். ஆனால் மனம் நாடியதோ ரூவேலின் வேதியியல் விரிவுரைகளையும், கெத்தாருடன் ஊர் ஊராகச் சென்று மேற்கொண்ட நில ஆய்வையும்தான். 1765-இல் அறிவியல் கழகத்தின் முன் அவர் வாசித்த முதல் ஆய்வுரையின் பொருள், வீடு கட்டுவோர் அன்றாடம் கையாளும் ஜிப்சம். ஜிப்சத்தைச் சூடாக்கினால் அது நீரை இழந்து தூளாகிறது. அத்தூளில் மீண்டும் நீரைச் சேர்த்தால் தான் இழந்ததைப் பெற்று இறுகுகிறது. சுவர்ப் பூச்சு ஏன் கெட்டியாகிறது என்ற எளிய கேள்விக்கு, வரவையும் செலவையும் எடைபோட்டு விடை கண்டார். இருபத்தொரு வயது இளைஞரின் இந்த முதல் முயற்சியிலேயே அவரது பிற்கால வழிமுறை முழுவதும் அடங்கியிருக்கிறது.

1768-ஆம் ஆண்டு அவர் வாழ்வின் திருப்புமுனை. அவ்வாண்டில் அறிவியல் கழகத்தில் இடம் கிடைத்தது. அதே ஆண்டில் தாய்வழிச் சொத்தைக் கொண்டு வரிக் குத்தகை நிறுவனத்தில் ஒரு பங்கின் பகுதியையும் வாங்கினார். புகழுக்கும் மரணத்துக்குமான இரு விதைகளும் ஓராண்டிலேயே ஊன்றப்பட்டன.

இந்தக் குத்தகை முறையைச் சற்று விளக்கியாக வேண்டும். பிரெஞ்சு அரசன் உப்பு, புகையிலை, சுங்கம், பாரிஸ் நகருக்குள் நுழையும் சரக்குகள் ஆகியவற்றின் மீதான மறைமுக வரிகளைத் தானே தண்டவில்லை. செல்வந்தர் குழு ஒன்று ஆறாண்டு ஒப்பந்தத்தில் ஒரு தொகையை அரசனுக்கு உறுதி கூறும். அதற்கு மேல் வசூலாவது குழுவுக்கு. அரசனுக்கு நிலையான வருவாய் முன்கூட்டியே கிடைக்கிறது. நிர்வாகத் தொல்லை இல்லை. வரி செலுத்துபவனுக்கோ, தன்னிடம் கூடுதலாகக் கறக்கப்படும் ஒவ்வொரு காசும் தனியாரின் இலாபமாவது கண்கூடு. நம் நாட்டிலும் நிலவரியைக் குத்தகைக்கு விட்ட ஆட்சிகள் உண்டு. விளைவு எங்கும் ஒன்றுதான்.

உப்பு வரி மிகக் கொடுமையானது. வரி மிகுந்த மாகாணங்களில் எட்டு வயது கடந்த ஒவ்வொருவர் பேரிலும் ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்றரைக் கிலோ உப்பு கட்டாயமாக வாங்கப்பட வேண்டும். எல்லை தாண்டினால் பிரித்தானி போன்ற விலக்குப் பெற்ற மாகாணத்தில் அதே உப்பு மிக மலிவு. விலை வேறுபாடு இருக்கும் இடத்தில் கடத்தல் இருக்கும்; கடத்தல் இருக்கும் இடத்தில் காவலும் சிறையும் இருக்கும். இதைப் புரிந்துகொள்ள உப்புச் சத்தியாகிரகம் கண்ட நாட்டினருக்கு விளக்கவுரை தேவையில்லை.

லவாய்சியருக்கு முதலில் அளிக்கப்பட்ட பணி புகையிலை மேற்பார்வை. சில்லறை வணிகர்கள் சாம்பலைக் கலந்து எடை கூட்டினர். சாம்பலில் கார்பனேட் உப்புகள் இருப்பதால் அமிலம் பட்டவுடன் நுரைத்துப் பொங்கும். தூய புகையிலை அவ்வாறு பொங்காது. ஒரு துளி அமிலத்தால் கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் இந்தச் சோதனையை அவர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இன்று உணவுக் கலப்படத்தைக் கண்டறிய வீட்டிலேயே செய்யும் சோதனைகளுக்கு இதனை முன்னோடி எனலாம். நீரைப் பொறுத்தவரை, அளவு மிஞ்சினால் புகையிலை புளித்து நாறும், சிறிதளவு சேர்த்தால் பக்குவம் மேம்படும் என்று கண்டு, சேர்க்க வேண்டிய அளவை வரையறுத்தார். நீரின் எடையால் வாங்குபவருக்கு நட்டம் வரக்கூடாது என்பதற்காக, பதினாறு அவுன்ஸுக்கான விலையைப் பெற்றுக்கொண்டு பதினேழு அவுன்ஸ் சரக்கு வணிகர்களுக்கு வழங்கப்பட்டது. கணக்கு நேர்மையானது. ஆனால் அந்த ஓர் அவுன்ஸ் கடைக்காரரைத் தாண்டி ஏழை நுகர்வோரின் கைக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. கணக்கேட்டில் நேராக இருப்பது கடைத்தெருவில் கோணலாவதைப் பொருளியலார் நன்கு அறிவர்.

இதே காலத்தில்தான் அவரது புகழ்பெற்ற நீர்ச் சோதனையும் நடந்தது. தூய நீரை நெடுநாள் கொதிக்க வைத்தால் அடியில் மண்போன்ற பொருள் தங்குவதைக் கண்ட அக்கால அறிஞர்கள், நீர் மண்ணாக மாறுகிறது என்று நம்பினர். ஆவி குளிர்ந்து மீண்டும் உள்ளேயே வடியும் அமைப்புள்ள, அடைக்கப்பட்ட கண்ணாடிக் கலத்தில் லவாய்சியர் காய்ச்சி வடித்த நீரை இட்டு 101 நாள்கள் சூடாக்கினார். கலத்தையும் நீரையும் முன்னும் பின்னும் எடை போட்டார். மொத்த எடை மாறவில்லை. வெற்றுக் கலத்தின் எடை மட்டும் குறைந்திருந்தது. ஏறத்தாழ அந்தக் குறைவுக்கு ஈடாக நீரில் திடப்பொருள் சேர்ந்திருந்தது. நீர் மண்ணாகவில்லை, கண்ணாடிதான் நீரில் கரைந்திருக்கிறது! நூற்றாண்டுகளாக நிலவிய நம்பிக்கை ஒன்றை வாதத்தால் அன்றி, ஒரு கணக்கின் பற்றும் வரவும் பொருந்தியதால் அவர் வீழ்த்தினார்.

1771-இல், சக குத்தகைதாரரான ழாக் போல்ஸ் என்பவரின் மகள் மேரி-ஆனை மணந்தார். மணமகளுக்கு அப்போது பதின்மூன்று வயது; மணமகனுக்கு இருபத்தெட்டு. அக்காலத்து வழக்கம் அது என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அந்தச் சிறுமி வளர்ந்து ஆனது என்ன என்பதைக் கடந்துவிட இயலாது. கணவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் தாம் கற்றுக்கொண்டு ஆங்கில ஆய்வுகளை மொழிபெயர்த்தார். ஓவியர் டேவிட்டிடம் பயின்று, கணவரின் 1789-ஆம் ஆண்டு நூலுக்குரிய கருவிப் படங்களைத் தம் கையால் வரைந்தார். சோதனைக் குறிப்பேடுகளில் அவரது கையெழுத்து இருக்கிறது. அந்நூலின் அட்டையில் அவர் பெயர் இல்லை.

எரிதல் பற்றிய ஆய்வுக்கு வருவோம். எரியும் பொருளிலிருந்து பிளாஜிஸ்டன் என்ற ஒன்று வெளியேறுகிறது என்பது அன்றைய கோட்பாடு. ஏதோ ஒன்று வெளியேறினால் எடை குறைய வேண்டும் அல்லவா? 1772-இல் கந்தகத்தையும் பாஸ்பரஸையும் எரித்துப் பார்த்த லவாய்சியர், எடை கூடுவதைக் கண்டார். அதை முத்திரையிட்ட உறையில் எழுதி அவ்வாண்டு நவம்பரில் கழகத்தில் ஒப்படைத்தார். 1774 அக்டோபரில் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி பாரிஸில் அவரது விருந்தினராக வந்து, பாதரசத்தின் சிவப்புச் சுண்ணத்தைச் சூடாக்கித் தாம் பெற்ற வியப்பான வாயுவைப் பற்றிக் கூறினார். சுவீடனின் ஷீலேயும் அதே வாயுவைத் தனியாகக் கண்டறிந்திருந்தார். கண்டுபிடிப்பின் முன்னுரிமை அவ்விருவருக்கே உரியது. லவாய்சியர் அதைத் தாராளமாக ஒப்புக்கொள்ளவில்லை என்பது அவர் மீதான நியாயமான குறை.

ஆனால் அந்த வாயு என்ன என்று உணர்ந்தவர் அவர்தான். அதற்குச் செய்த சோதனை இன்றும் வகுப்பறையில் விளக்கத் தக்கது. 50 கன அங்குலக் காற்றுடன் இணைந்த கலத்தில் பாதரசத்தைப் பன்னிரண்டு நாள்கள் சூடாக்கினார். பாதரசத்தின் மேல், சித்த மருத்துவர்களின் செந்தூரத்தை நினைவூட்டும் சிவப்புத் தூள் படிந்தது. காற்று 42 அல்லது 43 கன அங்குலமாகச் சுருங்கியது. எஞ்சிய காற்றில் சுடர் அணைந்தது, உயிரினம் மூச்சுத் திணறியது. பிறகு அச்சிவப்புத் தூளை மட்டும் தனியே மேலும் கடுமையாகச் சூடாக்கியபோது, பாதரசம் மீண்டது. ஏழு எட்டுக் கன அங்குல வாயுவும் வெளிவந்தது. அதில் சுடர் பிரகாசமாக எரிந்தது. அத்துடன் அவர் நிற்கவில்லை. எஞ்சிய காற்றையும் வெளிவந்த வாயுவையும் ஒன்றாகச் சேர்த்தார். பழைய காற்று மீண்டும் கிடைத்தது. வெப்பம் இல்லை, ஒளி இல்லை, ஆரவாரம் இல்லை.

அந்த அமைதிதான் முக்கியமான சான்று. சேரும்போது எந்த மாற்றமும் அடையாமல் தத்தம் குணங்களுடன் இருப்பவை கலவை. காற்று ஒரு கலவை. நீரின் கதை வேறு. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து எரியும்போது வெப்பம் வெளிப்படுகிறது. இரு வாயுக்களின் குணமும் மறைந்து புதிய பொருள் ஒன்று தோன்றுகிறது. இங்கிலாந்தின் கேவண்டிஷ் முன்னரே நீரை இவ்வாறு பெற்றிருந்தார். 1783 ஜூனில் லவாய்சியர் கணித மேதை லாப்லாஸுடன் அதனைச் செய்து காட்டி, நீர் தனிமம் அன்று என்று அறிவித்தார். பின்னர் மெனியே என்ற பொறியியலாளருடன் சேர்ந்து, காய்ச்சிய இரும்புத் துப்பாக்கிக் குழலின் வழியே நீராவியைச் செலுத்தி நீரைப் பிளந்தும் காட்டினார். நீரில் நூற்றுக்கு 85 பங்கு ஆக்சிஜன், 15 பங்கு ஹைட்ரஜன் என்பது அவர் தந்த எடைக் கணக்கு. இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 89-க்கு 11. ஐம்பூதங்களில் இரண்டு, அதாவது நீரும் வளியும், இவ்வாறு பத்தாண்டுக்குள் தம் பழைய தகுதியை இழந்தன.

1787-இல் மூன்று சக அறிஞர்களுடன் சேர்ந்து வேதிப்பொருள்களுக்குப் புதிய பெயர் முறையை வகுத்தார். ஒரு பொருளின் பெயரைக் கேட்டவுடன் அது எவற்றால் ஆனது என்று தெரிய வேண்டும் என்பதே அதன் அடிப்படை. 1789-இல் வெளிவந்த வேதியியல் அடிப்படை நூலில் 33 எளிய பொருள்களைப் பட்டியலிட்டார். அதில் ஒளியும் வெப்பமும்கூடத் தனிமங்களாக இடம்பெற்றன; எல்லா அமிலங்களிலும் ஆக்சிஜன் உண்டு என்ற அவரது முடிவும் பின்னாளில் பொய்த்தது. அந்த வாயுவுக்கு அவர் வைத்த பெயரின் பொருளே அமிலம் பிறப்பிப்பது என்பதாகும். தவறான பெயரை உலகம் இன்றும் சுமக்கிறது. அதே நூலில் சர்க்கரைக் கரைசல் புளித்து மதுவாவதை ஆராயும் பகுதியே எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒருபுறம் நீர், சர்க்கரை, நொதி. மறுபுறம் சாராயம், கரியமில வாயு, எஞ்சியவை. வினைக்கு முன்னும் பின்னும் பொருளின் அளவு சமம் என்பதை ஒரு சமன்பாடாகக் கொண்டு, கிடைக்காத எண்ணைக் கிடைத்த எண்களிலிருந்து வருவிக்கலாம் என்றார். ஐந்தொகையை அறிந்த எந்தக் கணக்கரும் இதை உடனே புரிந்துகொள்வார். அளவுக்கு மீறிய தசம இலக்கங்களை அவர் தருவதாக ஆங்கிலேயர் நிக்கல்சன் அப்போதே கேலி செய்தார். புள்ளிவிவரத் துறையில் அந்தப் பழக்கம் இன்னும் ஒழியவில்லை.

1775-இல் அமைச்சர் துர்கோ, வெடிமருந்து நிர்வாகத்தை அரசின் கீழ்க் கொண்டுவந்து லவாய்சியரை அதன் பொறுப்பாளர்களுள் ஒருவராக்கினார். வெடிமருந்தின் முதன்மைக் கூறு வெடியுப்பு. உலகின் சிறந்த வெடியுப்பு பீகாரில் விளைந்தது. பிளாசிக்குப் பின் அது ஆங்கிலக் கம்பெனியின் பிடியில் இருந்தது. பிரான்ஸோ, பழைய நிலவறைகளையும் தொழுவங்களையும் சுரண்டி எடுத்த மண்ணைக் கரைத்துக் காய்ச்சி வெடியுப்பு தயாரித்தது. லவாய்சியரின் நிர்வாகத்தில் உற்பத்தி பெருகி, அமெரிக்க விடுதலைப் போருக்கு அனுப்பும் அளவுக்கு வெடிமருந்து கிடைத்தது. 1788 அக்டோபரில் எசோன் ஆலையில் புதிய கலவை ஒன்றைச் சோதித்தபோது நேர்ந்த வெடிவிபத்தில் இருவர் மாண்டனர். சற்றுத் தொலைவில் இருந்த லவாய்சியரும் மனைவியும் உயிர் தப்பினர். அதே நிர்வாகத்தில் தொழில் கற்ற இளைஞர் ஒருவர் பின்னர் அமெரிக்கா சென்று 1802-இல் வெடிமருந்து ஆலை தொடங்கினார். அவர் பெயர் துபோன். அந்த நிறுவனத்தின் பெயரை இன்று அறியாதவர் குறைவு.

பாரிஸ் மக்கள் அவரை வெறுத்ததற்கு முதற் காரணம் ஒரு சுவர். நகருக்குள் வரி செலுத்தாமல் சரக்குகள் புகுவதைத் தடுக்க, நகரைச் சுற்றி மதில் எழுப்பும் யோசனை அவருடையது. 1784-இல் பணி தொடங்கியது. சிற்பி லெதூ ஆடம்பரமான சுங்கச் சாவடிகளைக் கட்டினார். வருவாய்க் கசிவை அடைக்கும் நிர்வாகியின் பார்வையில் அது சரியான திட்டம். உள்ளே வாழ்ந்தவர்களுக்கோ மதுவின் விலையும் விறகின் விலையும் ஏற்றும் சிறைச்சுவர். 1789 ஜூலையில், பாஸ்டில் சிறை வீழ்வதற்கு முன்பே, அந்தச் சாவடிகளுக்குத்தான் மக்கள் தீ வைத்தனர்.

இதே மனிதர் புளூவா அருகே பண்ணை வாங்கி, விதைப்பையும் விளைச்சலையும் ஆண்டுதோறும் பதிவு செய்து வேளாண் சோதனைகள் நடத்தினார். 1788-இன் பஞ்சத்தில் தானியம் வாங்க அந்நகருக்கு வட்டியின்றிக் கடன் கொடுத்தார். 1791-இல் தேசிய மன்றத்தின் ஆணைப்படி அச்சிடப்பட்ட பிரான்ஸின் நிலவளம் பற்றிய அவரது நூல், அந்தப் பண்ணை அறிவின் விரிவு. மக்கள்தொகையை ஏறத்தாழ இரண்டரைக் கோடி என்று கொண்டு, உண்ணும் தானியத்தையும் ஏர்களின் எண்ணிக்கையையும் வைத்து நாட்டின் உற்பத்தியை மதிப்பிட்டார். உழவு மாடு தின்னும் தீவனத்தைத் தனி உற்பத்தியாகவும், அந்த மாட்டின் உழைப்பால் விளைந்த தானியத்தை வேறோர் உற்பத்தியாகவும் சேர்த்தால் ஒன்றே இருமுறை எண்ணப்பட்டுவிடும் என்று எச்சரித்தார். இரட்டைக் கணக்கீடு என்ற தலைப்பில் ஆண்டுதோறும் நான் மாணவர்களுக்கு நடத்திய பாடம் இது. கலத்தையும் நீரையும் வெவ்வேறாக எடை போட்டவருக்கு அது இயல்பாகத் தோன்றியிருக்க வேண்டும்.

புரட்சியின் தொடக்கத்தை அவர் வரவேற்றார். கருவூல ஆணையராகப் பணியாற்றினார். புதிய அளவை முறைக்காக, காய்ச்சி வடித்த நீரின் குறிப்பிட்ட பருமனை எடையிட்டுக் கிலோகிராமுக்கு அடித்தளம் அமைக்கும் பணியில் ஈடுபட்டார். ஆனால் காற்று திசை மாறிவிட்டது. முன்பு தமது நெருப்பு ஆய்வுக்குக் கழகத்தின் ஏற்பைப் பெறாத மாரா, 1791-இல் தம் பத்திரிகையில் அவரைக் கடுமையாகத் தாக்கினார். அதே ஆண்டு குத்தகை நிறுவனம் ஒழிக்கப்பட்டது. 1793 ஆகஸ்டில் அறிவியல் கழகமும் மூடப்பட்டது. நவம்பரில் குத்தகைதாரர்களைக் கைது செய்ய ஆணை பிறந்தது. 28-ஆம் நாள் அவரும் மாமனாரும் தாமாகவே சரணடைந்தனர். சிறையிலும் தம் ஆய்வுரைகளைத் தொகுக்கும் பணியைத் தொடர்ந்தார்.

வரியில் இலாபம் ஈட்டியதற்கு மரண தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடமில்லை. எனவே, புகையிலையில் நீரும் கேடான பொருள்களும் கலந்தது உள்ளிட்டவற்றை, பகைவருடன் சேர்ந்து மக்களுக்கு எதிராகச் செய்த சதி என்று தீர்ப்பாயம் வரையறுத்தது. விசாரணை ஒரே நாளில் முடிந்தது. அறிஞர்கள் குடியரசுக்குத் தேவையில்லை என்று நீதிபதி சொன்னதாக வழங்கும் கதைக்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. அது பிற்காலக் கற்பனை என்றே ஆய்வாளர் கருதுகின்றனர். உண்மை அதைவிட எளியது. அறிஞர் என்பதற்காக அவர் கொல்லப்படவில்லை. அறிஞர் என்பதற்காக விடுவிக்கப்படவும் இல்லை. அன்று மாலையே 28 பேரின் தலைகள் வெட்டப்பட்டன. மாமனார் மூன்றாவது, அடுத்தவர் லவாய்சியர். வயது ஐம்பது.

அவர் குற்றவாளியா? அந்த அமைப்பு அநீதியானது. அதில் அவர் பெரும்பொருள் ஈட்டினார். அவரது விலையுயர்ந்த தராசுகளும் வாயுமானிகளும் அந்தப் பணத்தில் வாங்கப்பட்டவை. உப்பு வாங்க இயலாத குடியானவனின் காசு ஆக்சிஜனின் வரலாற்றில் கலந்திருக்கிறது என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆயினும் தீர்ப்பாயம் அந்த அமைப்பை விசாரிக்கவில்லை. கணக்கேடுகளைப் புரட்டிப் பார்க்கவும் இல்லை. வாழ்நாள் முழுவதும் இருபுறமும் எடை போட்டவருக்கு, ஒரு தட்டு மட்டும் வைத்த தராசில் தீர்ப்பு வழங்கப்பட்டது.

ஓராண்டு கடந்தபின், பறிமுதலான நூல்களும் கருவிகளும் மேரி-ஆனிடம் திருப்பி அளிக்கப்பட்டன. அநியாயமாகத் தண்டிக்கப்பட்டவரின் மனைவி என்ற குறிப்பும் உடன் இருந்தது. கணவர் சிறையில் தொடங்கிய தொகுப்பை அவர் அச்சேற்றினார். கைவிட்ட நண்பர்களை மன்னிக்கவில்லை. பின்னர் ரம்ஃபோர்டு பிரபுவை மறுமணம் செய்துகொண்டார். பீரங்கிக் குழாயைத் துளையிடும்போது எழும் வெப்பத்தை ஆராய்ந்து, வெப்பம் ஒரு பொருள் என்ற லவாய்சியரின் கொள்கையை எதிர்த்தவர் அவர். அந்த மணவாழ்க்கை நெடுநாள் நீடிக்கவில்லை. லவாய்சியர் என்ற பெயரை மட்டும் மேரி-ஆன் 1836-இல் தாம் இறக்கும்வரை விடவில்லை.